கேரட் தின்றும் மஞ்சளாகாத கிளி

2024 ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். குரோம்பேட்டையில் அந்த வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த பையன் மடியில் சின்னக் கூண்டு ஒன்று. மேலே ஈரிழைத் துண்டு போர்த்தியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து கிளம்பிய கீச்சலில், மாவு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"போஸ்ட்மாஸ்டர் சார் இருக்காரா?"

வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் பையனின் பிறந்தநாளுக்காக ஒரு சன் கன்யூர் குஞ்சு வாங்கிப் போயிருந்தார். பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் தினை உமி ஒட்டியிருந்தது. டீச்சர் துண்டை விலக்கினார்.

"ஒண்ணுமில்ல சார், ஒரு சந்தேகம். இதுக்கு ஏதாவது சத்துக் குறைவா? ரெண்டு வயசாயிடுச்சு, முதுகு இன்னும் மஞ்சளே ஆகலை. ஒரு வருஷமா தினமும் கேரட் துருவிக் கொடுக்கறேன். பரங்கிக்காய், பப்பாளி... எதையும் விடலை. ரெக்கையைப் பாருங்க, பச்சையாவே இருக்கு."

பெரியவர் கிளியைப் பார்த்தார். அதற்கு எந்தக் குறையும் இல்லை. கண் பளபளவென்று இருந்தது, இறகு மெழுகியது போல இருந்தது. தலையும் மார்பும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். முதுகிலும் இறக்கையிலும் மட்டும் யாரோ தூரிகையால் இழுத்துவிட்டது போலப் பச்சை. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். வாங்க வந்த அன்றைக்கே தெரியும்.

"உக்காருங்கம்மா, காபி சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

---

முப்பத்து நான்கு வருடம் தபால் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் கம்பி வலை அடித்துப் பறவை வளர்க்க ஆரம்பித்தார். முதலில் பட்ஜெரிகர், அதாவது நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று எல்லாரும் சொல்வது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கியவை. பிறகு காக்டெயில். அப்புறம் கையில் கொஞ்சம் தைரியமும் பி.எஃப். வட்டியும் சேர்ந்ததும் கன்யூர். தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'கிளி தாத்தா'.

ஆபீஸ் பழக்கம் விடவில்லை. பறவைக்கென்று நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த ஜோடி, என்றைக்கு முட்டை, என்றைக்குப் பொரிந்தது, கால் வளையத்தில் என்ன எண், யாரிடம் போனது... எல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருக்கும். தபால் ஆபீஸில் பதிவுத் தபால் ரிஜிஸ்டர் எழுதிய அதே கையெழுத்து.

2021 நவம்பர் மழையில் மாடிக் கூண்டுகளுக்குள் தண்ணீர் அடித்தது. பறவைகளையெல்லாம் கீழே ஹாலுக்குக் கொண்டு வந்தார்கள். இடம் போதவில்லை. ஜோடியை இழந்த சன் கன்யூர் ஆண் ஒன்று தனியாக இருந்தது. பேத்தி அதற்கு 'சூரியா' என்று பெயர் வைத்திருந்தாள். அதே போல ஜோடியை இழந்த ஜென்டே கன்யூர் பெட்டை ஒன்றும் இருந்தது. இரண்டையும் நான்கு நாளைக்கு ஒரே கூண்டில் போடலாம் என்று அவர் மனைவிதான் யோசனை சொன்னார். "தனியா தனியா அழுதுக்கிட்டு இருக்குதுங்க, சேர்ந்து இருக்கட்டுமே."

நான்கு நாளில் மழை விட்டது. ஐந்தாம் நாள் சூரியா அந்தப் பெட்டையின் கழுத்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

சன் கன்யூரும் ஜென்டேயும் தென் அமெரிக்கக் கிளிகள். சன், பிரேசிலின் வடகோடியிலும் கயானாவிலும் வாழ்வது. ஜென்டே, பிரேசிலின் வடகிழக்கில். காட்டில் இரண்டும் சந்திக்க வழியில்லை. ஆனால் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகள் என்றுகூடப் பறவையியலாளர்கள் வகைப்படுத்தியிருந்தார்கள். அதனால் ஜோடி சேர்ந்தால் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை போல வம்சம் அங்கேயே நின்றுவிடாது. வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

2022 பிப்ரவரியில் நான்கு முட்டை. இருபத்து நான்காம் நாள் வாக்கில் மூன்று பொரிந்தன. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்தார். 'தந்தை: சன். தாய்:' என்று எழுதியவர், அங்கே நின்றார்.

குஞ்சுகளை வாங்கிப் போக வரும் புரோக்கர் தம்பி இரண்டு மாதம் கழித்து வந்தபோது ஒரு விஷயம் சொன்னான். சொன்னது முழு உண்மை, அதுதான் சிக்கல்.

"சார், சன் கன்யூர் குஞ்சும் சின்ன வயசுல பச்சையாத்தான் சார் இருக்கும். முழு மஞ்சள் ஆக ஒண்ணரை, ரெண்டு வருஷம். இப்ப பார்த்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சன்னுனே போயிடும்."

ஜென்டேக்கும் சன்னுக்கும் அன்றைக்கு விலையில் நல்ல வித்தியாசம் இருந்தது. மழையில் கூரை பழுதாகிச் செலவு வேறு. பெரியவர் 'சரி' என்று சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. புரோக்கர் இரண்டு குஞ்சுகளை எடுத்துப் போனான். மூன்றாவதை வாங்க டீச்சர் வந்தார். "பெருசானா முழுசா மஞ்சளாயிடும்ல சார்?" என்று பையன் முன்னால் கேட்டார்.

"ஆயிடும்மா."

நோட்டில் 'தாய்' என்ற இடம் காலியாகவே கிடந்தது. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் அவர் காலியாக விட்ட முதல் கட்டம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

---

காபி ஆறிப்போகும் வரை அவர் பேசவில்லை. பிறகு மாடிக்குப் போய் நோட்டைக் கொண்டு வந்து மேஜை மேல் விரித்தார்.

"கிளிக்கு ஒரு குறையும் இல்லம்மா. என்மேலதான் குறை. இதோட அம்மா வேற சாதிக் கிளி. ஜென்டேன்னு பேரு. இது முழு மஞ்சள் ஆகாது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

டீச்சர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். கோபித்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் பெரியவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"அப்ப அந்தக் கேரட்டு?"

கேரட்டால் பயன் இல்லை. ஃபிளமிங்கோ போன்ற பறவைகளுக்குத் தின்னும் தீனியிலிருந்து நிறம் ஏறும். கிளி வகைகளுக்கு அப்படி இல்லை. தங்கள் மஞ்சளையும் சிவப்பையும் கிளிகள் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. ஒரு மூட்டை கேரட் துருவினாலும் பரம்பரையில் இல்லாத மஞ்சள் வராது. கேரட் உடம்புக்கு நல்லதுதான், அவ்வளவே. ஆனால் ஒரு வருடம் தினமும் காலையில், பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், அந்த அம்மாள் துருவியிருக்கிறார். 'நாம சரியா கவனிக்கலையோ' என்று உள்ளுக்குள் உறுத்தலோடு துருவியிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எப்படித் திருப்புவது?

"பச்சையா இருந்தா என்னம்மா, இவன் நம்ம குட்டிதானே" என்றான் பையன். அவனுக்கு வழக்கு முடிந்துவிட்டது.

டீச்சருக்கு முடியவில்லை. "சார், இன்னொண்ணும் சொல்லணும். இவனுக்குத் துணையா இருக்கட்டும்னு போன மாசம் ஒரு சன் பெட்டை வாங்கிட்டேன். டிஎன்ஏ சர்டிபிகேட்டோட. அதுக்குப் பொறக்கறது என்ன?"

பெரியவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் குஞ்சுகள் முக்கால் பங்கு சன். முதுகில் பச்சை இன்னும் குறைவாக இருக்கும். அவற்றை விற்றால் வாங்குபவர் சன் என்றே நம்புவார். அதற்கடுத்த தலைமுறையில் விற்பவரே நம்புவார். பொய் சொன்னவர் ஒருவர். அதற்கப்புறம் யாரும் பொய் சொல்லத் தேவையே இல்லை, எல்லாரும் மனசாரச் சொல்வார்கள்.

---

அன்று சாயங்காலம் புரோக்கருக்குப் போன் போட்டார். அந்த இரண்டு குஞ்சுகள் யாரிடம் போயின என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார், ஒண்ணு வேலூர் பக்கம் போச்சுன்னு ஞாபகம். எதுக்கு சார் இப்ப? நம்ம கூண்டுல பொறந்தது என்ன திரும்பக் காட்டுக்கா போகப் போகுது?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. குரோம்பேட்டை மொட்டை மாடியில் பிறந்த கன்யூரை யாரும் கயானாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப் போவதில்லை. அந்த ஆபத்தும் வேண்டாம், கூண்டு நோய்களும் கூடவே போகும். அப்படியிருக்க அதன் தாய் யார், தகப்பன் யார் என்று கணக்கு எதற்கு? மனிதர்களிடம் கலப்பு மணம் நல்லது என்கிறோம், கிளியிடம் மட்டும் சாதி பார்ப்பதா என்றுகூடக் கேட்பவர்கள் உண்டு. பெரியவர் வாயிலும் 'வேற சாதிக் கிளி' என்றுதானே வந்தது! ஆனால் மனித சாதி மனிதன் கட்டிய சுவர். சன்னையும் ஜென்டேயையும் பிரித்து வைத்தது காடும், நதியும், நீண்ட காலமும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் இரண்டுமே விளங்காமல் போகும்.

பேத்தி கால்நடை மருத்துவம் படிக்கிறாள், மூன்றாம் வருடம். விடுமுறைக்கு வந்திருந்தாள். "காட்டுக்குப் போகாதுன்னு யார் சொன்னா தாத்தா?" என்று ஆரம்பித்தாள்.

கென்யாவில் நைவாஷா ஏரி இருக்கிறது. அதன் கரையில் ஃபிஷர் லவ்பேர்டும் மஞ்சள் கழுத்து லவ்பேர்டும் கலந்து பிறந்த கூட்டம் ஒன்று பறந்து திரிகிறது. இரண்டுக்கும் சொந்த ஊர் பக்கத்து நாடான டான்சானியா. மனிதன் கூண்டில் கொண்டுபோய்த் தப்பவிட்டவை. இப்போது அங்கே எது எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நியூசிலாந்துக்குச் சொந்தமான சாத்தம் தீவுகளில் நடந்தது இன்னும் வேதனை. காடு அழிந்ததால் இரண்டு வகைப் பச்சைக்கிளிகள் ஒன்றாகக் கலந்தன. அதில் ஃபோர்ப்ஸ் கிளி என்ற அரிய வகை கரைந்து போய்விடும் என்று பயந்து, மாங்கரே தீவில் கலப்புக் கிளிகளைப் பாதுகாப்புத் துறையினரே சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கிளிகள் செய்த தப்பு, பிறந்தது. இப்படி ஒரு வேலையைச் செய்ய வேண்டி வந்த ஊழியர் அன்றிரவு எப்படிச் சாப்பிட்டிருப்பார்?

"சன் கன்யூரே காட்டுல அழியற நிலைமையில இருக்கு தாத்தா. கூண்டுக்காகப் பிடிச்சே தீர்த்துட்டாங்க. நம்ம தெருவுல நாலு வீட்டுல இருக்கு, அதோட ஊர்ல தேட வேண்டியிருக்கு."

பிறகு அவள் 'ரியோ' படத்தைப் பற்றிப் பேசினாள். 2011-ல் வந்த கார்ட்டூன் படம். அதைச் சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். அதில் வரும் நீலக்கிளி ஸ்பிக்ஸ் மக்காவ். நிஜத்தில் அதன் கதை படத்தைவிட உருக்கமானது.

பிரேசிலில் பாஹியா மாநிலத்தில் குராசா என்ற ஊர்ப்பக்கம்தான் அதன் வீடு. 1990-ல் தேடிப் போனவர்களுக்குக் காட்டில் கிடைத்தது ஒரே ஒரு ஆண். தன் இனத்தில் துணை இல்லாமல் அது மரக்கானா என்ற இன்னொரு வகை மக்காவ் பெட்டையோடு ஜோடி சேர்ந்திருந்தது. 1995-ல் கூண்டிலிருந்த ஒரு ஸ்பிக்ஸ் பெட்டையைக் கொண்டுபோய் அதற்குத் துணையாக விட்டார்கள். அது சில வாரங்களில் காணாமல் போனது. ஆண் பழைய துணையோடே இருந்தது. அந்த ஜோடியின் முட்டைகளிலிருந்து ஒரு குஞ்சும் பிழைத்து வரவில்லை. 2000-ம் ஆண்டோடு அந்த ஆணையும் யாரும் பார்க்கவில்லை.

காட்டில் ஒன்றுகூட இல்லை. கூண்டுகளில் மட்டும் சில டஜன். அவையும் ஒரு கைப்பிடிப் பறவைகளின் வாரிசுகள். யாருக்கு யார் பிறந்தது, யாரை யாரோடு சேர்க்கலாம் என்று வம்சப் பதிவேடு எழுதி, அதை வைத்துக்கொண்டே பல வருடம் பெருக்கினார்கள். 2022 ஜூன் மாதம் எட்டு ஸ்பிக்ஸ் மக்காவ்களைக் குராசாவில் மறுபடியும் வானத்தில் விட்டார்கள். அவற்றுக்குக் காட்டில் என்ன தின்பது, எங்கே ஒளிவது என்று சொல்லிக் கொடுக்கக் கூடவே பறந்தவை யார் தெரியுமா? மரக்கானா மக்காவ்கள்.

"நோட்டு எழுதினதாலதான் தாத்தா அது திரும்பி வந்துச்சு" என்றாள் பேத்தி.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் நோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

கலப்பை மறைக்காமல், பெருமையாகவே விற்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் நீலமஞ்சள் மக்காவையும் சிவப்பு மக்காவையும் சேர்த்துப் பிறந்தால் 'கேட்டலினா'. நீலமஞ்சளும் பச்சை இறக்கை மக்காவும் சேர்ந்தால் 'ஹார்லெக்வின்'. கேட்டலினாவை மறுபடி சிவப்போடு சேர்த்தால் 'கேமலாட்'. தீபாவளிக்கு வரும் புதுப் புடவை ரகம் போலப் பெயர்கள். பார்க்க அழகு, அதில் பொய்யும் இல்லை. ஆனால் இனப்பெருக்க வயதில் உள்ள ஒரு மக்காவை இதற்குக் கட்டிவைக்கும் வருடங்கள், அதன் சொந்த இனத்துக்குக் கிடைக்காமல் போகும் வருடங்கள். நிறம் பிடித்திருக்கிறது என்பது அதற்குப் போதுமான காரணமாகத் தோன்றவில்லை.

---

சரி, சூரியாவையும் அதன் பெட்டையையும் என்ன செய்வது?

இத்தனைக்கும் பெரியவர் முதல் ஈட்டுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. முட்டைப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். பெட்டை கூண்டின் தரையிலேயே முட்டையிட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை மாடியிலும் ஒன்றைக் கீழேயும் வைத்தார். மூன்று நாள் தெருவே தூங்கவில்லை. மூன்றாம் நாள் சூரியா தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. அவர் மனைவி யாரையும் கேட்காமல் பெட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

முட்டையை எடுத்தெறிந்தால் பெட்டை திரும்பத் திரும்ப இடும். உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை வெளியே வராமல் சிக்கிச் சாகவும் கூடும். அதனால் வளர்ப்பவர்கள் கையாளும் வழி ஒன்று: முட்டை இட்டதும் எடுத்து, அவித்து, ஆறவைத்து, அதே இடத்தில் வைத்துவிடுவது. பெட்டை அதன் மேலேயே அடைகாக்கும். நாள் கடந்தும் பொரியாததால் தானே எழுந்துவிடும். இரண்டு வருடமாக அவர் அதைத்தான் செய்துவருகிறார்.

முதல் தடவை அடுப்பில் அந்தச் சின்ன முட்டைகளைப் போட்டபோது மனைவி சமையலறையை விட்டு வெளியே போனார். "என்னங்க, அது நம்பி உக்காருதே" என்றார். அதற்குப் பதில் அவரிடம் இல்லை. இப்போதும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் வெளியேதான் போகிறார். பொய்யாய்ப் பிறந்து பொய்யாய் விற்கப்படுவதைவிட இது மேல் என்பது கணக்கு. ஆனால் அடையிலிருக்கும் பெட்டை தலையைத் திருப்பி அவரைப் பார்க்கும்போது கணக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. சேர்த்து வைத்தது மழை அல்ல, இவர்கள்தான். முதலில் ஒரே கூண்டில் போடாமல் இருந்திருந்தால் அடுப்பு வரை வந்திருக்காது.

---

அடுத்த ஞாயிறு டீச்சர் வீட்டுக்குப் பெரியவரே போனார், பேத்தியின் லேப்டாப்போடு. மஞ்சள் பையில் விற்ற பணம் இருந்தது. டீச்சர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். "மீதி, இவன் ரெண்டு வருஷம் எங்களைச் சிரிக்க வெச்சதுக்கு" என்றார். புதிதாக வாங்கிய சன் பெட்டையை வேறு கூண்டில், கிளிக்குக் கண்ணில் படாத அறையில் வைத்திருந்தார். நல்லவேளை, இன்னும் ஜோடி சேரவில்லை. அதற்கு வம்சம் தெரிந்த சன் ஆண் ஒன்றை, வளைய எண்ணோடு, தேடித் தருவதாகப் பெரியவர் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் பதிவு. 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலிலுள்ள வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் வந்தன. பதிய ஆறு மாத அவகாசம். பிறந்தால், இறந்தால், கைமாறினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கலப்பு என்பதால் கணக்கிலிருந்து நழுவவும் முடியாது. கலப்பினத்தின் முன்னோரை நான்கு தலைமுறை வரை பார்ப்பது சைட்ஸ் வழக்கம். பரிவேஷ் தளத்தில் பேத்தி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தாள். இனம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தாத்தாவைப் பார்த்தாள்.

"உள்ளதை உள்ளபடி எழுது பாப்பா. சன்னும் ஜென்டேயும் கலந்ததுன்னு போடு."

பெரியவர் தன் நோட்டைப் பிரித்தார். காலியாக இருந்த கட்டத்தில் 'ஜென்டே' என்று எழுதினார். கீழே மற்ற இரண்டு குஞ்சுகளின் வரிகள் இருந்தன. ஒன்றுக்கு எதிரே 'வேலூர் பக்கம், விலாசம் தெரியவில்லை' என்று எழுதினார். இன்னொன்றுக்கு எதிரே 'விலாசம் தெரியவில்லை' என்று மட்டும். சர்வீஸ் காலத்தில் எத்தனையோ கடிதங்களில் இதே வாசகத்தைக் குத்தித் திருப்பி அனுப்பியவர். இந்த இரண்டு வரியை எழுதப் பேனா நகர மறுத்தது.

தாய், தகப்பன், வளைய எண், பொரிந்த தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைப் பையனிடம் கொடுத்தார். பையன் அதை இரண்டு தடவை படித்தான். கூண்டில் ஒட்டிய லேபிளில் 'குட்டி' என்று எழுதியிருந்தது.

"தாத்தா, இவங்கப்பா சன், இவங்கம்மா ஜென்டே. அப்ப இவனுக்கு இனிஷியல் என்ன?"

"ரெண்டையும் போடுடா."

பையன் மார்க்கரை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் இடுக்கி எழுதினான்: எஸ்.ஜே. குட்டி.

கூண்டுக்குள் குட்டி கேரட் துருவலைக் காலால் தள்ளிவிட்டு, சூரியகாந்தி விதையைத் தேடிக்கொண்டிருந்தது.